மொத்தப் பிடி

"ஏண்டா வஹீத், இன்னைக்கும் மொத்தமும் அங்கேதானா?"

சகிய்யா துறையிலேயே வழிமறித்தாள். வஹீத் நிமிரவில்லை. தோணியிலிருந்த சூரை மீன் கூடைகளை, பக்கத்தில் நின்ற ரிசார்ட் படகுக்கு மாற்றிக்கொண்டிருந்தான்.

மாலத்தீவின் அந்தச் சின்ன ஊருக்கு எதிர்த் தீவில் ரிசார்ட் வந்த பிறகு, ஊரில் பாதிப் பேர் அங்கே வேலைக்குப் போய்விட்டார்கள். மீனுக்குப் போவது வஹீதின் தோணி ஒன்றுதான்.

"சுத்திக் கடலை வச்சுக்கிட்டு டின் மீனைத் திங்கிறோம். கருதியா ரசம் காய்ச்ச ஒரு துண்டு மீன் இல்ல. மாலேயிலேர்ந்து வந்த மந்திரி, தீவு நல்லா வளர்ந்துடுச்சுன்னு கைதட்டிட்டுப் போறாரு" என்றாள் சகிய்யா.

"தீவு எங்கக்கா வளருது? வஹீத் தொப்பைதான் வளருது" என்றாள் பக்கத்து வீட்டு ரஷீதா. துறையே சிரித்தது.

"நாளைக்குப் பார்க்கலாம்க்கா" என்றான் வஹீத்.

"உன் நாளைக்கு என்னைக்குடா வரும்?"

ரிசார்ட் படகின் முன்பக்கம் சகிய்யாவின் கணவர் ஆதம், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கண்ணயர்ந்திருந்தார். இரண்டு சிறுநீரகமும் பழுது. டயாலிசிஸ் செய்யப் பக்கத்துத் தீவு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தனிப் படகு பிடிக்க வசதி கிடையாது. ரிசார்ட் படகுதான் இலவசமாகக் கொண்டுபோய்க் கொண்டுவந்து விடுகிறது.

சகிய்யா அந்தப் பக்கம் கையை நீட்டினாள்.

"அவங்களப் பாரு. எந்த ஊர்க்காரங்களோ, என் புருஷன ஒரு ருஃபியா வாங்காமக் கூட்டிட்டுப் போறாங்க. நீ என் வீட்டுச் சோறு தின்னு வளர்ந்தவன். ஒரு மீன் குடுக்க மனசு வரல."

சொல்லிக்கொண்டே கடைசிக் கூடையிலிருந்து பெரிய சூரை ஒன்றை உருவி எடுத்துக்கொண்டாள்.

"இது நம்ம கடல் மீனு. என்ன செஞ்சிடுவ?"

"அப்படிப் போடுக்கா!" என்றாள் ரஷீதா.

வஹீத் அவசரமாகப் படகோட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

அவன் இறங்கி வந்தான். வேலைக்குப் புதியவன்.

"என்னண்ணே இது? ஒரு மீன்கூட வெளிய போகக் கூடாதுன்னுதானே பேச்சு?"

"ஒண்ணுதானேப்பா. விட்டுடு."

"என் வேலை போயிடும்ண்ணே. மேனேஜர் கண்டிப்பா சொல்லியிருக்காரு. உங்க மொத்தப் பிடியும் பாதி விலைக்கு வந்தாத்தான் அந்தப் பெரியவருக்குப் படகுல இடம். இல்லேன்னா இறக்கிவிடச் சொல்லிட்டாரு."

ரஷீதா தரையைப் பார்த்தாள்.

வஹீத் அவனை அவசரமாக ஓரத்துக்கு இழுத்தான். "மெதுவாப் பேசு. என் மீனுக்குத்தான் இந்த இடம்னு தெரிஞ்சா அவரு படகுல ஏறவே மாட்டாரு."

சகிய்யா கையில் மீனோடு அப்படியே நின்றாள்.

முன்பக்கம் ஆதம் துண்டை விலக்கி எழுந்து உட்கார்ந்தார். "என்ன சகிய்யா, அங்க என்ன சத்தம்?"

சகிய்யா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மீனைக் கூடையிலேயே வைத்தாள்.

"ஒண்ணுமில்லீங்க" என்று கத்தினாள். "இந்தக் கஞ்சப்பய ஒரு மீன்கூடத் தர மாட்டேங்கிறான்!"