கைதுப் படம்

"படம் கலர்ல வருமா?"

மாவட்டச் சிறையான கவுண்டி ஜெயிலின் ஆவணப் பிரிவில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மாள் கேட்டாள். தோளுக்குப் பொருந்தாத, யாரோ கொடுத்த மேல்கோட்டு. போன வருஷத்து வெள்ளத்துக்குப் பிறகு, அமெரிக்காவில் கென்டக்கியின் அந்த மலைப்பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் உடுத்தினார்கள்.

"வரும். யாரோடது?" என்றாள் உள்ளே இருந்த குமாஸ்தா டார்லா.

"கோல்பி நேப்பியர். வெளியில இருக்கிற கம்ப்யூட்டர்ல தேடினேன். பேரும் கேஸும் வந்துச்சு, படம் வரல. கேஸெல்லாம் எனக்கு எதுக்கு? முகம் மட்டும் பெருசா வேணும்."

டார்லாவுக்குச் சுருக்கென்றது. பெட்ரோல் பங்க்கில் வாராவாரம் ஒரு டாலருக்கு விற்கும் பத்திரிகை ஞாபகம் வந்தது. பிடிபட்டவர்களின் முகங்களைத் தவிர அதில் வேறொன்றும் இருக்காது. அவள் தம்பி டென்னியின் முகம் ஒரே ஒரு வாரம் அதில் வந்தது. அப்புறம் அவனுக்கு ஊரில் யாரும் வேலை தரவில்லை. எங்கே போனான் என்று இன்றுவரை தெரியாது.

"பிறந்த தேதி வேணும். அது இல்லாம தேட முடியாது." தெரிந்திருக்காது என்று நினைத்தாள்.

"மார்ச் ஒம்போது, தொண்ணூத்தெட்டு. திங்கக்கிழமை. பனி கொட்டிக்கிட்டு இருந்துச்சு."

பகையாளியின் ஜாதகத்தைக்கூட மனப்பாடம் செய்து வருகிறவர்களை டார்லா பார்த்திருக்கிறாள். தட்டினாள். திரையில் வந்தான் கோல்பி நேப்பியர். ஒரே ஒரு கைது, நாலு வருஷத்துக்கு முன்னால். கைதுப் படத்தில் யாரும் சிரிப்பதில்லை. இவன், யாரோ கூப்பிட்டுத் திரும்பியவன் போல, லேசாகச் சிரித்திருந்தான்.

அந்தப் பெயரைக் காலையிலேயே பார்த்திருந்தாள். மேஜைத் தட்டில், நீதிபதி கையெழுத்திட்டு வந்த உத்தரவு ஒன்று கிடந்தது: மேற்படி நபரின் கைதுப் பதிவை முழுவதும் அழிக்கவும். அதை அவள் இன்னும் கணினியில் ஏற்றவில்லை.

ஏற்றும்வரை அது பொது ஆவணம். கேட்டவர் யாராக இருந்தாலும் கொடுத்தே தீர வேண்டும். ஏற்றிவிட்டால் அப்படி ஒரு பதிவே கிடையாது என்றுதான் சொல்ல வேண்டும். சட்டம் அப்படி.

"இந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுங்க. ரெண்டு பக்கமும்."

அந்த அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து மெதுவாக எழுதினாள். முதல் வரி கண்ணாடி வழியே தெரிந்தது. ஜெனீவா ஃபுகேட். குடும்பப் பெயர் நேப்பியர் இல்லை. உறவும் இல்லை என்று டார்லா தீர்மானித்துக்கொண்டு, தட்டிலிருந்த உத்தரவைக் கையில் எடுத்தாள்.

பின்னால் நாற்காலியில் சாய்ந்திருந்த காவலர் ரெஜி, காபியை உறிஞ்சிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "என்ன டார்லா, சாப்பாட்டுக்கு முன்னாடி எந்த உத்தரவையும் தொடமாட்டியே. இன்னிக்கு என்ன, ஞானோதயமா?"

"உன் வாயை மூடிக்கிட்டு காபியக் குடி, ரெஜி."

"பிரசங்கியார்கிட்ட சொல்லி சர்ச்சுல உனக்கு முன் வரிசையில இடம் போடச் சொல்றேன்."

உத்தரவின் எண்ணை ஏற்றினாள். நிச்சயமாக அழிக்கலாமா என்று இயந்திரம் கேட்டது. மீட்க முடியாது என்று எச்சரித்து இன்னொரு முறையும் கேட்டது. டென்னிக்கு இப்படி ஒருவர் செய்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டே அழுத்தினாள். சிரிப்பு போய்த் திரை வெறுமையானது.

அந்த அம்மாள் படிவத்தோடு வந்தாள். "எழுத்து கோணலா இருக்கு, கண்ணு. நேத்துலேர்ந்து தூங்கல."

டார்லா அதை வாங்கவில்லை. "அந்தப் பேர்ல எங்ககிட்ட எதுவும் இல்லைங்க."

"இப்பத்தானே வெளியில பார்த்தேன்."

"இல்லைங்க."

"மறுபடியும் ஒரு தடவை தட்டிப் பாரேன். நேப்பியர்."

"எத்தனை தடவை தட்டினாலும் வராது."

"வேற ஆபீஸ்ல? கோர்ட்ல? பழைய பிரதி ஏதாவது?"

"எங்கயும் இல்லை. கோர்ட் உத்தரவு." டார்லாவின் குரலில் கொஞ்சம் பெருமை ஏறியது. "பாருங்க, என்ன கோபமோ எனக்குத் தெரியாது. பையன் ஒரு தடவை தப்புப் பண்ணிட்டான், திருந்திட்டான். இனிமே யார் தேடினாலும் அவன் சுத்தம். எங்கயாவது போய் நிம்மதியா பொழைக்கட்டும். விடுங்க."

அந்த அம்மாள் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையே பார்ப்பவள் போல நின்றாள். பிறகு படிவத்தை இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள், கோட்டுப் பைக்குள் வைத்தாள்.

"நல்லது, கண்ணு. உத்தரவு வந்துடுச்சா? ரெண்டு வருஷமா அதுக்குத்தான் அலைஞ்சான். ஒஹாயோல கூரை வேலைக்குப் போனதே வக்கீலுக்குக் கட்டத்தான்."

டார்லாவின் கை விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது. "நீங்க அவருக்கு..."

"வீட்டுல இருந்த படமெல்லாம் ஆத்தோட போயிடுச்சு," என்றாள் அந்த அம்மாள். "சவப்பெட்டியைத் திறக்கக் கூடாதுன்னுட்டாங்க. மேல வைக்க என் பிள்ளை முகம் அது ஒண்ணுதான் இருந்துச்சு."