ஞானசௌந்தரியின் மேல்முறையீடு

"குழந்தைகள் நலக் குழு முடிவு பண்ணிட்டா அவ்வளவுதானா மேடம்?" என்று கேட்டாள் ஞானசௌந்தரி.

"இல்லம்மா. முப்பது நாளுக்குள்ள கோர்ட்ல மேல்முறையீடு பண்ணலாம்" என்றார் வக்கீல் சிவப்ரியா.

"உடனே பண்ணிடுங்க. பிள்ளை இல்லாம வீடே வெறிச்சோடித்தான் கிடக்குது. அதுக்காகச் சும்மா இருந்துட முடியுமா?"

காரைக்கால்மேட்டில் மீன் விற்பவள் அவள். மகள் தமிழ்மொழி ஒரு மாதமாகக் காப்பகத்தில் இருந்தாள்.

விசாரணையன்று, கணவன் மாரிக்கண்ணு ஞானசௌந்தரியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நீதிபதி உத்தரவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பிள்ளையை உங்க வீட்டுக்கே அனுப்பச் சொல்லித்தானே உத்தரவு போட்டிருக்காங்க? பிறகு எதை எதிர்த்து வந்திருக்கீங்க?"

"அதை எதிர்த்துத்தாங்கய்யா வந்திருக்கேன். பதினாறு வயசுல கல்யாணம்னு தெரிஞ்சு, அதிகாரிங்க வந்து தடுத்து அவளைக் கூட்டிட்டுப் போனாங்க. இனிமே அப்படிச் செய்ய மாட்டேன்னு இவர் சொன்னதை நம்பித் திருப்பி அனுப்புறாங்க. மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த நிச்சயப் புடவை இன்னும் எங்க பீரோவுலதான் இருக்கு. படிப்பு முடியுற வரைக்கும் அவ காப்பகத்துலயே இருக்கட்டும்."

காப்பகத்திலிருந்து அழைத்து வரப்பட்டிருந்த தமிழ்மொழியை நீதிபதி பார்த்தார்.

"எனக்கும் அதுதாங்கய்யா வேணும்" என்றாள் அவள்.

குழுவின் உத்தரவு ரத்தானது.

வாசலில் காப்பக வண்டி ஏறிய மகளின் கன்னத்தைத் தடவி, ஞானசௌந்தரி சிரித்தாள்.

"நீ வீட்டுக்கு வர வேணாம். ஞாயித்துக்கிழமை மீன் குழம்போட நான் வர்றேன்."