இடது தோள்

“இப்பக் கக்கறதில்லீங்களா அக்கா?”

“கக்கறதே இல்ல சாமி. நீ ஊட்டுக்குப் போயி, கட்டுன பாலைப் பீச்சி ஊத்திட்டுப் படு.”

ராமாத்தாள் குழந்தையைப் பார்த்தபடியே சொன்னாள்.

குழந்தையைப் பெற்ற சௌந்திரம் வாசற்படிக்கு வெளியே நின்றாள். உள்ளே வரவேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

பிறந்து இருபது நாள் நன்றாகத்தான் குடித்தான். பிறகு குடித்ததெல்லாம் சுவர்வரை பீறிட்டது. கக்கி முடித்ததும் மறுபடி பசியில் வாயைத் திறந்தான்.

மருத்துவச்சி மாரக்காள் வந்து, சௌந்திரத்தின் பாலை ஆமணக்கு இலையில் பீச்சச் சொல்லி, அதில் ஒரு கட்டெறும்பை விட்டாள். எறும்பு நாலு முறை காலை உதறி அடங்கியது.

விஷப்பால் என்றாள்.

குழந்தையின் வலது விலாவுக்குக் கீழே கொட்டைப்பாக்கு மாதிரி ஏதோ விரலில் தட்டுப்படுகிறது, வயிற்றிலிருக்கும்போதே வந்ததாக இருக்கும் என்று சௌந்திரம் சொல்லிப் பார்த்தாள். செத்த எறும்பைக் காட்டினார்கள்.

அன்றைக்கே அவள் புருஷன் சின்னண்ணன் குழந்தையைத் தூக்கிவந்து தன் அண்ணன் மனைவியிடம் விட்டான். ராமாத்தாளுக்கும் கைக்குழந்தை இருந்தது. பாலுக்குக் குறைவில்லை.

ஆறு நாளாகிறது. தினமும் சேந்தமங்கலத்துப் பாதையில் சோளக்காட்டைத் தாண்டி வருகிறாள். பாதி வழியில் மாராப்பு நனைந்துவிடும். ஆளில்லாத வரப்பில் உட்கார்ந்து பாலை மண்ணில் பீச்சுவாள். எறும்புகள் வந்து குடிக்கும்.

ஒன்றும் சாவதில்லை.

அதைக் காட்டக்கூட யாருமில்லை.

இன்று வேலியில் ராமாத்தாளின் சேலைகள் மூன்று காய்ந்துகொண்டிருந்தன. நேற்றும் மூன்று.

ராமாத்தாள் குழந்தையைத் தோள் மாற்றினாள். இடது தோளில் சேலை தொப்பலாக நனைந்திருந்தது. அந்தப் புளித்த வாடை வாசற்படிவரை வந்தது.

ராமாத்தாள் முந்தானையை இழுத்து அதை மூடினாள். பிறகு தூளியைப் பார்த்தாள். அதில் அவளுடைய ஐந்து மாதப் பெண் காலை உதைத்துக்கொண்டிருந்தது.

மாரக்காளின் அடுத்த எறும்பு யார் பாலில் விழும் என்பது இருவருக்கும் தெரிந்தது.

பையன் தன் முஷ்டியைச் சப்பிக்கொண்டிருந்தான். மணிக்கட்டு குச்சி மாதிரி ஆகியிருந்தது.

சௌந்திரம் முதல் முறையாக வாசற்படியைத் தாண்டினாள்.

“எம் பாலே வெசமா இருந்துட்டுப் போகட்டுமுங்க அக்கா. இங்கயும் கக்கறான்னு நான் ஆருகிட்டயும் சொல்லமாட்டேன். பையனை எங்கிட்டக் குடுத்திருங்க.”