ஒரு முழம் போதும்

கண்ணாடிக்கு அப்பால் தொட்டில்கள் வரிசையாக இருந்தன. தையல்காரி ஒவ்வொரு தொட்டிலாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

எல்லாப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரியின் வெள்ளைத் துணிக்குள் கிடந்தன. அவள் தைத்துக் கொடுத்த போர்வை ஒன்றின் மேல்கூட இல்லை.



நேற்று இன்று ஆரம்பித்த வேலையா அது? கடையில் வெட்டி மிஞ்சும் துணியை எல்லாம் சதுரம் சதுரமாக நறுக்கி, நிறம் பார்த்துச் சேர்த்து, நடுவில் மெல்லிசாகப் பஞ்சு வைத்து, மாதம் தவறாமல் கொடுத்து வருகிறாள்.

கேட்டது பிரசவ வார்டு நர்ஸ். யூனிஃபார்மைப் பிடித்துத் தைக்கக் கொண்டுவந்தவள், மூலையில் குவிந்து கிடந்த துண்டுகளைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்குப் போர்வை தைத்துத் தர முடியுமா என்று கேட்டாள். அளவு என்ன என்றதற்கு, ஒரு முழம் போதும், சிலதுக்கு அதில் பாதி போதும் என்றாள்.

தையல்காரிக்குச் சிரிப்பாக இருந்தது. பிள்ளைக்குக் கேட்கிறாளா, பொம்மைக்குக் கேட்கிறாளா? பிறந்த பிள்ளை அப்படியேவா கிடக்கும்?

கேட்ட அளவிலேதான் தைத்தாள். ஆனால் பள்ளிக்கூடச் சட்டைக்கு விடுவதைப் போல, ஓரத்தில் நாலு விரல் துணியை உள்ளே மடித்து, இழுத்தால் பிரிகிற மாதிரி நீளத் தையல் போட்டாள். வளர வளரப் பிரித்து விட்டுக்கொள்ளட்டும் என்று.

சதுரங்களையும் ஏனோதானோ என்று சேர்த்ததில்லை. ஒவ்வொன்றையும் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். உறுத்தினால் அது கால்மிதிக்குப் போய்விடும். மஞ்சள் வாத்துப் போட்ட துண்டு எப்போதாவது கிடைத்தால் அதற்கு நடு இடம்.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் இவதான் அத்தை," என்று புருஷன் கிண்டல் செய்வான். அவளுக்கு அந்தக் கிண்டல் ரொம்பப் பிடிக்கும்.

இன்று காலையில் கைக்குழந்தையோடு ஒரு வாடிக்கைக்காரி வந்தாள். அதே ஆஸ்பத்திரியில் பெற்றவள். போர்வை எப்படி இருந்தது என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டாள் தையல்காரி.

போர்வையா, அப்படி ஒன்றும் யாருக்கும் தரவில்லையே என்றாள் அவள்.

அவ்வளவுதான். தைத்து வைத்திருந்ததைப் பைக்குள் திணித்துக்கொண்டு, கடையைப் போட்டது போட்டபடி கிளம்பிவிட்டாள். அந்த நர்ஸ் என் காதிலேயே பூச்சுற்றினாளா? வெளியே விற்கிறாளா? வழி முழுக்க இதே யோசனை. அந்தப் பெண்ணைத் தன் தங்கை மாதிரி நினைத்திருந்தாள், அதுதான் அதிகமாக வலித்தது.

கண்ணாடியை விட்டுத் திரும்பியபோது நர்ஸ் எதிரே வந்தாள். நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள் தையல்காரி.

"எங்கேம்மா போச்சு நான் தைச்சதெல்லாம்?"

நர்ஸ் அவள் கையைப் பிடித்து, மாடிப்படியைத் தாண்டி, வராந்தாவின் கடைசியில் இருந்த அறைக்குக் கூட்டிப் போனாள். தையல்காரி திட்டிக்கொண்டேதான் நடந்தாள். கதவு திறந்ததும் வாய் தானாக நின்றது.

கட்டிலில் ஒரு பெண் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பக்கத்து மேஜையில் தையல்காரியின் போர்வை, வாத்து வெளியே தெரிய, எதையோ சுற்றியிருந்தது. உள்ளங்கை அளவு முகம். அது அழவில்லை, அசையவில்லை.

நர்ஸ் காதோடு சொன்னாள். "உசுரோட பொறக்கிறதுக்கு எல்லாரும் எல்லாம் கொண்டு வர்றாங்கக்கா. இதுங்களுக்கு யாரும் எதுவும் வாங்கி வச்சிருக்க மாட்டாங்க. இந்த அளவுல எங்கயும் கிடைக்கவும் கிடைக்காது. சொன்னா நீங்க தைக்க மாட்டீங்களோன்னு பயந்துட்டேன்."

தையல்காரிக்கு அந்த ஓரத்து மடிப்பு கண்ணில் பட்டது. அங்கேயே உட்கார்ந்து அந்த நீளத் தையலைக் கையால் பிய்த்து எறிய வேண்டும் போலிருந்தது.

அப்புறம்தான் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்ற ஆளைக் கவனித்தாள். பிள்ளையின் அப்பன். சின்ன வயதுதான். கையை முன்னால் நீட்டுவதும் பின்னால் இழுத்துக்கொள்வதுமாக இருந்தான். பையும் கையுமாக நின்றவளை ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்துவிட்டான் போல.

"ஒரு தடவை தூக்கிக்கிறேம்மா. எனக்குத் தூக்கிப் பழக்கம் இல்ல. எப்படிப் பிடிக்கணும்?"

தையல்காரி பையைக் கீழே வைத்தாள். அவன் கையைப் பிடித்து, மடங்கியிருந்த விரல்களை விரித்து, அந்தச் சின்னத் தலைக்கு அடியில் கொடுத்தாள்.

"பாத்துப்பா," என்றாள். "கழுத்து இன்னும் நிக்கல."