மாமனாரின் கம்ப்யூட்டர்

"இந்த கிராபிக்ஸ் கார்டு மதர்போர்டோட ஒத்துப்போகல."

கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் மருமகனிடம் பேசிய முதல் முழு வாக்கியம் இதுதான்.

மகள் தானே தேடிக்கொண்ட மாப்பிள்ளை. அப்பா இன்னும் மனசு இறங்கி வரவில்லை. அப்படிப்பட்டவர் தானாகவே போன் செய்து, "கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுது, அவரைக் கூட்டிட்டு வா" என்றதும் மகளுக்குத் தலைகால் புரியவில்லை.

"அஞ்சே நிமிஷத்துல சரி பண்ணிடுவார்ப்பா. ஆபீஸ்ல இவருக்கு இதான் வேலையே" என்று வாசலிலேயே பீற்றிக்கொண்டாள்.

மாமனார் வீட்டு பிளான் வரைகிறவர். போர்டு, பெட்டி, கார்டு என்று ஒவ்வொன்றாகத் தேடி வாங்கி, தன் கையாலேயே மாட்டி முடித்திருந்தார். ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது. திரை மட்டும் கும்மிருட்டு.

மருமகன் பெட்டிக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்தான். பிறகு மூடியைத் திறந்தான். கார்டைக் கழற்றினான், மாட்டினான். "பவர் சப்ளை பத்தலையோ?" என்றான். மறுபடியும் கழற்றினான்.

சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது.

"பின்பக்கம் பார்த்தீங்களா?" என்றார் மாமனார்.

"பார்த்தேன் மாமா, ஒண்ணும் பிடிபடல. நீங்க ஒரு தடவை பாருங்களேன்."

"எனக்கென்ன தெரியும்? நீங்களே நல்லாப் பாருங்க."

"இல்ல மாமா, நீங்க பார்த்தா சரியா இருக்கும்."

மகளுக்கு மானமே போயிற்று.

கடைசியில் மாமனார் பெருமூச்சு விட்டுக் குனிந்தார். கார்டில் இருக்க வேண்டிய மானிட்டர் வயர் போர்டில் இருந்தது. பிடுங்கிக் கார்டில் சொருகினார். திரை பளிச்சென்று எரிந்தது.

"பிரமாதம் மாமா!" மருமகன் கை தட்டாத குறைதான்.

காரில் ஏறியதும் வெடித்தாள் மகள்.

"முதல்ல பார்க்க வேண்டியதே அந்த வயரைத்தானே! அப்பா உங்களை மதிக்கணும்னு எவ்வளவு ஆசையா கூட்டிட்டு வந்தேன், இப்படிக் கவுத்துட்டீங்களே!"

"எட்டிப் பார்த்தப்பவே தெரிஞ்சுபோச்சு."

"பின்ன ஏன் சொல்லல?"

"பாவம், ஆசை ஆசையா அவரே உக்காந்து பண்ணினது. 'வயரைத் தப்பா சொருகிட்டீங்க'ன்னு உன் முன்னாடி எப்படிச் சொல்றது? அவரே கண்டுபிடிச்சா அவருக்கும் சந்தோஷம்தானே."

கோபம் போன இடம் தெரியவில்லை. இப்படி ஒருத்தனைப் பிடித்ததற்குத் தன்னையே தட்டிக்கொடுக்கலாம் போலிருந்தது அவளுக்கு. அந்த நிமிடமே அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினாள்.

அம்மா சிரித்த சிரிப்பு அடங்கவே நேரமானது.

"அடியே, உங்கப்பா நேத்தே அதைச் சரி பண்ணிட்டாருடி! மாப்பிள்ளை பசியோட தேடறதைப் பார்த்து மனசு கேக்காமத்தான் இன்னைக்கு அவரே குனிஞ்சாரு."

"அப்ப வயர் எப்படிம்மா மறுபடி மாறிச்சு?"

"உங்கப்பாதான் மாத்தி வெச்சாரு. மாப்பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிட அவருக்கு ஒரு சாக்கு வேண்டாமா?"