நாலாவது நிமிஷம்

செத்துப்போவதற்கு ஒரு வாரம் முன்னால், வீட்டில் உட்கார்ந்து செல்வின் வாசித்துப் பதிவு செய்த வயலின் அது. அதற்குத்தான் அவன் மனைவி ஆக்னஸ் இந்த நடனத்தை அமைத்திருந்தாள். நாலாவது நிமிஷத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டு அவன் ஒருமுறை இருமுவான். அந்த இருமலுக்குத்தான், மேடையில் ஆடும் முபீனா, தூக்கிய கையோடு அப்படியே சரிந்து தரையில் விழ வேண்டும். "எட்டெட்டா எண்ணாத முபீனா, அவர் வாசிக்கிறத மட்டும் கேளு" என்று ஆறு மாதமாகச் சொல்லிச் சொல்லி, எண்ணுகிற பழக்கத்தையே அவளிடமிருந்து பிடுங்கியிருந்தாள்.

திரை விலகும்போது ஒலியமைப்பாளன் தயாளன் பூரிப்போடு வந்து ஆக்னஸின் காதருகே சொன்னான். "அக்கா, இரைச்சல், இருமல் எல்லாத்தையும் எடுத்துட்டேன். சார் வாசிப்பு இப்ப கண்ணாடி மாதிரி இருக்கு."

"பழசு?"

"அது எதுக்குக்கா? அதுமேலயே சேவ் பண்ணிட்டேன். உங்க பென்டிரைவ்லயும் புதுசுதான்."

நாலாவது நிமிஷம் வந்தது. வயலின் நின்றது. முபீனா கையைத் தூக்கினாள். பிசிறில்லாத ஒரு மௌனம் வந்து, அதுவும் போய், வயலின் மறுபடி தொடங்கிவிட்டது. அவள் விழவில்லை. தூக்கிய கையோடு காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து ஆக்னஸ் ஒரு தடவை இருமினால் போதும், அந்தப் பெண் விழுந்துவிடுவாள். இருமல் தொண்டைவரை வந்தது. ஆனால் அவள் காத்து நின்றது செல்வினின் இருமலுக்கு.

ஆக்னஸ் இரண்டு கைகளாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.