மூடுபனியில் கேட்ட சங்கு

சத்தியவேடு ஆந்திராவுக்கா, மெட்ராசுக்கா என்று முடிவாகாத வருஷம். பழவேற்காட்டு ஏரியின் கடலோரத்தில் மின்சார நிலையம் கட்டலாமா என்று பார்க்க, முதலில் பறவைகளை எண்ணச் சொன்னார்கள். சிட்டிபாபு கரையில் நின்றான். அவன் தங்கை புருஷன் கோவர்த்தனன் சேற்றில் இறங்கிப் போனான். கொஞ்ச நேரத்தில் மூடுபனி இறங்கிவிட்டது.

பனி மூடினால் கரையில் இருப்பவன் தகரம் தட்ட வேண்டும். உள்ளே போனவனுக்கு அந்தச் சத்தம்தான் வழி. தட்டினால் பூநாரைகள் பறந்து கணக்குக் கெட்டுவிடுமே என்று சிட்டிபாபு தயங்கினான். கடைசியில் தங்கை முகம் நினைவுக்கு வந்து குச்சியை ஓங்கியபோது, கோவர்த்தனன் முழங்கால் சேறோடு எதிரில் நின்றான்.

“வந்துட்டியா மாப்ளே!” சிட்டிபாபுவுக்குக் கண் கலங்கியது.

“மில்லு சங்கு ஊதிச்சே மச்சான். அத்தக் கேட்டுக்கினே வந்துட்டேன்.”

அவன் கை காட்டிய பக்கம் மில் எதுவும் கிடையாது. நிலையம் வரவேண்டிய மணலில் அடையாளத்துக்கு நட்ட நான்கு கற்கள்தான். சிட்டிபாபுவின் காதில் எந்தச் சங்கும் விழவில்லை. ஆள் வந்து சேர்ந்ததே போதும் என்று கஞ்சியை ஊற்றிக் கொடுத்தான்.

பனி விலகியது. எப்போதும் தலை கவிழ்ந்து சேற்றில் மேயும் பூநாரைகள் அத்தனையும் கழுத்தை நிமிர்த்தி, அந்தக் கற்களையே பார்த்துக்கொண்டு நின்றன.

எண்ணுவதற்குச் சுலபமாக இருந்தது.